மூன்று கண் மீனும் சுங்கச்சாவடியும்: கார்ட்டூனில் பகடி வேலை செய்யும் விதம்

எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போடுகிற ஒருவரிடம் இந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள்: மின் நிலையத்துக்குப் பக்கத்து ஓடையில் ஒரு பையன் தூண்டில் போடுகிறான், மூன்று கண்ணோடு ஒரு மீன் சிக்குகிறது. அவர் விளக்கம் எதுவும் கேட்க மாட்டார். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கழிவு படிவதைப் பார்த்தவர் அவர். 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணெய் மிதந்து வந்து வலையும் படகும் கறுத்துப்போனதைப் பார்த்தவர். அந்த மீன் எங்கிருந்து வந்தது, அதை யார் மறைக்கப் பார்ப்பார்கள் என்று அவரே சொல்லிவிடுவார்.

அந்த மீன் ‘சிம்ப்சன்ஸ்’ தொடரில் வருவது. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பரில் தொடங்கி இன்றுவரை ஓடும் அந்த கார்ட்டூன் தொடரில், 1990 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பான அத்தியாயம் அது. அணுமின் நிலைய முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ், ஆய்வாளர்கள் கண்டுபிடித்த விதிமீறல்களைச் சரிசெய்யச் செலவழிப்பதைவிட, தானே கவர்னராகி விதியை வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று தேர்தலில் நிற்கிறார். பிரசாரக் கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் அவருடைய முகம் மட்டும் பிரம்மாண்டமான பேனராக நிற்கிறது; முன்னால் ஆள் சின்னதாகத் தெரிகிறார். அந்த ஃப்ரேம் 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்திலிருந்து எடுத்தது. அந்தப் படத்திலும் ஒரு பணக்காரர் கவர்னர் தேர்தலில் நிற்கிறார், அதேபோல் தன் முகத்தின் முன்னால் நின்று பேசுகிறார், தோற்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஃப்ரேமை இரவல் வாங்கியது அழகுக்காக இல்லை. பழைய படத்தைப் பார்த்தவருக்கு, பர்ன்ஸ் ஜெயிக்கமாட்டார் என்பது மேடை தெரிந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. பார்க்காதவருக்கும் நஷ்டமில்லை. தேர்தலுக்கு முந்தைய இரவு, கேமராக்களுக்கு முன்னால் தொழிலாளி வீட்டில் சாப்பிட உட்காரும் பர்ன்ஸுக்கு, அந்த வீட்டு அம்மா மார்ஜ் அதே மூன்று கண் மீனைச் சமைத்து வைக்கிறாள். ‘ஆபத்தில்லாத மீன்’ என்று ஊரெல்லாம் சொன்னவர் இப்போது வாயில் போட்டாக வேண்டும். போடுகிறார், முழுங்க முடியாமல் துப்புகிறார், தேர்தல் போய்விடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்தப் படமும் பார்த்திருக்க வேண்டாம்.

நல்ல பகடி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம். கீழ்த்தளம் தனியாகவே நிற்கும். மேல்தளம் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு ருசி. கீழ்த்தளம் இல்லாமல் மேல்தளம் மட்டும் இருந்தால் அது பேர் சொல்லும் விளையாட்டு. மூலத்தை மறந்த அன்றைக்கே செத்துவிடும்.

வடசென்னைக்காரருக்கு இது புதுப் பாடம் இல்லை. கானா பாட்டில் நடப்பதும் இதேதான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் பழைய சினிமா மெட்டு ஒன்றை எடுக்கிறார். பல்லவியின் தாளம் அப்படியே இருக்கும், முதல் அடியில் ஒரு சொல்லாவது பழைய சொல்லாகவே இருக்கும். அந்த ஒரு சொல்தான் கொக்கி. கேட்பவரின் காது பழைய பாட்டில் மாட்டிக்கொண்டதும், மீதி வரிகளில் இறந்தவரின் பெயரும் தெருவும் தொழிலும் வந்து நிரம்பும். மெட்டு தெரியாத சின்னப் பையனுக்கும் அந்த வரிகள் அழுகையாகவோ சிரிப்பாகவோ போய்ச் சேரும். கொக்கியை எடுத்துவிட்டால் அது சொந்தப் பாட்டு. கொக்கியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்றால், சும்மா உல்டா. சினிமாக்காரர்கள் ‘சுட்டது’ என்பதும், நண்பர்கள் ‘ஓட்டுவது’, ‘கலாய்ப்பது’ என்பதும் ஒரே வேலை இல்லை என்பதை இந்த ஒரு அளவுகோலால் பிரித்துவிடலாம். ‘ஓட்டும்’போது ஆள் எதிரில் இருக்கிறார், அவருக்குத் தெரிகிறது. ‘சுடும்’போது மூலம் தெரிந்துவிடக் கூடாது என்பதே குறி. பகடிக்காரருக்கோ மூலம் தெரிந்தே ஆக வேண்டும்.

கார்ட்டூனில் கொக்கியை எப்படிப் போடுகிறார்கள்? இதற்கு மிகச் சுத்தமான பாடம், 1992 மே மாதம் வந்த ஒரு சிம்ப்சன்ஸ் அத்தியாயத்தின் தொடக்கம். ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படம் 1981இல் வந்தது. குகைக்குள் தங்கச் சிலையை எடுத்ததும் பெரிய பாறை உருண்டு வரும், கதாநாயகன் ஓடுவான். கார்ட்டூனில் ஓடுவது சிம்ப்சன் வீட்டுப் பையன் பார்ட். தங்கச் சிலைக்குப் பதில், அப்பா சில்லறை போட்டு வைத்திருக்கும் ஜாடி. பாறைக்குப் பதில், உள்ளாடையோடு மாடிப்படியில் உருண்டு வரும் அப்பா ஹோமர். குகையின் கல் கதவுக்குப் பதில், கார் ஷெட்டின் ஷட்டர். பொருள் ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறங்கி வீட்டுச் சாமானாகிவிட்டது. ஆனால் கேமரா நிற்கும் உயரம், ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு வெட்டும் இடம், பின்னணி இசையின் வேகம் ஆகியவை இறங்கவில்லை. அவை மூலத்தின் கம்பீரத்திலேயே நிற்கின்றன. சாமான் கீழே, சட்டகம் மேலே. அந்த இடைவெளிதான் சிரிப்பு. இரண்டையும் சேர்த்துக் கீழே இறக்கினால் சாதாரண வீட்டுச் சண்டை மிஞ்சும். இரண்டையும் மேலேயே வைத்தால் அது மரியாதை செலுத்துவது. அதற்கும் இடம் உண்டு, ஆனால் யாரும் சிரிக்கப்போவதில்லை.

எதிர்த்திசையில் இன்னொரு வழியும் உண்டு: மூலத்தில் அடங்கியிருப்பதைக் கட்டவிழ்த்துவிடுவது. ‘டாம் அண்ட் ஜெர்ரி’ 1940இலிருந்து ஓடுகிறது. வசனம் இல்லாததால் ராயபுரம் வீட்டுக்கும் அது நேராக வந்து சேர்ந்தது. அதில் சுத்தியல் விழும், தலை தட்டையாகும், ரத்தம் வராது, அடுத்த ஷாட்டில் பூனை முழுசாக எழுந்துவிடும். சிம்ப்சன்ஸுக்குள் குழந்தைகள் பார்க்கும் ‘இட்ச்சி அண்ட் ஸ்க்ராட்ச்சி’ என்ற கார்ட்டூனில் ரத்தம் வரும், குடல் வெளியே வரும். மாற்றியது அந்த ஒரு விதியைத்தான். அதற்குப் பிறகு பழைய கார்ட்டூனைப் பார்த்தால், ‘இத்தனை அடி வாங்கியும் ரத்தம் ஏன் வரவில்லை’ என்று முதல்முறையாகத் தோன்றும். மூலத்தை நாம் பார்க்கும் கண்ணையே மாற்றிவிடுவது பெரிய வேலை. மிகக் குறைந்த பகடிகளே அங்கே எட்டுகின்றன.

வடசென்னைக்கு நெருக்கமான அத்தியாயம் ஒன்றை இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 1996 நவம்பர் 10 அன்று வந்த குத்துச்சண்டை அத்தியாயம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பாக்ஸிங்கைக் குடும்பப் பெயர் மாதிரி சொல்லிக்கொள்ளும் ஊருக்கு, 1980இல் முகமது அலியையே நேரு ஸ்டேடியத்தில் பார்த்த ஊருக்கு, இந்த அத்தியாயத்தில் அடிக்குறிப்பு கொஞ்சம்தான் தேவைப்படும்.

ஹோமருக்கு மண்டைக்குள் மூளையைச் சுற்றி நீர் கொஞ்சம் அதிகம். அதனால் எத்தனை குத்து விழுந்தாலும் விழமாட்டான். மதுக்கடைக்காரன் மோ அவனுக்கு மேனேஜராகிறான். வியூகம் ஒன்றுதான்: நின்று அடி வாங்கிக்கொண்டே இரு, எதிராளி களைத்துப்போனதும் ஒரு தள்ளு தள்ளு. 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மனைக் குத்தவிட்டுக் களைக்க வைத்த அலியின் தந்திரம் பாக்ஸிங் தெரிந்தவருக்கு ஞாபகம் வரும். அதிலிருந்த திறமை, கால் வேகம், எதிர்க்குத்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அடி வாங்குவதை மட்டும் மிச்சம் வைத்த மாதிரி இருக்கிறது ஹோமரின் ஆட்டம்.

எதிராளி ட்ரெடரிக் டாட்டம். கனத்த உடம்பு, மெல்லிய குரல், ஜெயிலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த ஹெவிவெயிட் சாம்பியன். 1995இல் விடுதலையான மைக் டைசன் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது. அவனுடைய புரமோட்டர் லூஷியஸ் ஸ்வீட்டுக்குத் தலைமுடி மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அது டைசனின் நிஜப் புரமோட்டர் டான் கிங். இவர் டான் கிங் அளவுக்கே பணக்காரர், அதே அளவு புகழ், பார்க்கவும் அவரைப் போலவே இருப்பார் என்று ஹோமரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். பெயரை மாற்றினார்கள், வேறு எதையும் மறைக்கவில்லை. குரல் கொடுத்த பால் வின்ஃபீல்ட், 1995இல் வந்த டைசன் பற்றிய தொலைக்காட்சிப் படத்தில் டான் கிங்காகவே நடித்தவர். இது மூன்றாவது தளம். இதைத் தவறவிட்டவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, பிடித்தவருக்கு ஒரு கூடுதல் சந்தோஷம்.

அரங்கில் நுழையும்போது டாட்டமுக்கு முரட்டு ஹிப்-ஹாப். ஹோமருக்கு 1975இல் வந்த ‘நாம் ஏன் நண்பர்களாக இருக்கக் கூடாது’ என்று கேட்கும் பாட்டு. பாட்டைத் தெரியாதவருக்கும் தாளத்தின் தளர்ச்சியே சேதி சொல்லிவிடும். நிஜ வாழ்க்கை அறிவிப்பாளர் மைக்கேல் பஃபர் தன் குரலிலேயே வந்து அறிவிக்கிறார். கடைசியில் ஹோமர் சாகப்போகும் நேரத்தில், முதுகில் ஃபேன் கட்டிய பாராசூட்டோடு மோ பறந்து வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகிறான். 1993 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஹோலிஃபீல்டும் போவும் மோதிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் இப்படித்தான் பறந்து வந்து ரிங் கயிற்றில் விழுந்தான். அதைத் தெரியாமல் இன்று பார்க்கிறவருக்கு இந்த முடிவு காரணமில்லாத கற்பனையாகப் படும். இந்த அத்தியாயத்தில் மிக வேகமாகப் பழசானது இந்த இடம்தான். அலியின் தந்திரம் இருபது வருடம் கழித்தும் நின்றது, பாராசூட் ஆள் நிற்கவில்லை.

ஏன் என்பதற்குப் பதில் தயாரிப்புக் காலத்தில் இருக்கிறது. சிம்ப்சன்ஸ் அத்தியாயம் ஒன்று எழுத்திலிருந்து திரைக்கு வர முக்கால் வருடம் வரை பிடிக்கும். எழுத்தாளர் அறையில் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதுவார்கள், நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள், குரலைப் பதிவார்கள், காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு, பிறகு அந்தப் படங்களைக் குரலோடு நேரக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், பிறகு முக்கிய நிலைகளை வரைந்து இடைப்பட்ட படங்களுக்காகக் கொரியாவுக்கு அனுப்புவார்கள். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 22 நிமிடத்துக்கு 31,680 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் 15,840 படம். இந்த வாரச் செய்தியைக் கிண்டல் செய்தால் அது அடுத்த வருடம்தான் வெளியே வரும். ஆகவே அவர்கள் தேடிப்போவது நிலைத்துப்போனதை: பழைய படம், பழைய பாட்டு, டிவியின் பழைய வழக்கம். ‘சௌத் பார்க்’ என்ற இன்னொரு கார்ட்டூன் தொடர் இதற்கு நேரெதிர். 1997இல் காகித வெட்டுப்படப் பாணியில் தொடங்கி, கணினிக்கு மாறி, ஓர் அத்தியாயத்தை ஆறே நாளில் முடிக்கும் முறையை உருவாக்கிக்கொண்டது. 2008 நவம்பர் 4 அன்று ஒபாமா ஜெயித்தார். மறுநாள் இரவே அதைப் பற்றிய அத்தியாயம் ஒளிபரப்பானது. வேகத்துக்கு விலை உண்டு. வரைகலை எளிமையாக இருந்தாக வேண்டும், அந்த வாரத்தின் வாசனை அந்த வாரத்தோடு போய்விடும். வேலையின் வேகமே எதைப் பகடி செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ‘ஃபேமிலி கை’ மூன்றாவது வழியை எடுத்தது. கதையை நிறுத்தி, ‘அன்றைக்கு நான் அப்படிச் செய்தேனே, அது மாதிரி’ என்று சம்பந்தமில்லாத ஒரு துண்டுக் காட்சிக்குத் தாவும். பல துண்டுகளில் கீழ்த்தளமே கிடையாது. மூலம் தெரியாவிட்டால் பதினைந்து வினாடி வெறுமை. அந்த முறை எங்களைக் கவர்ந்ததில்லை.

நீளம் போதாமல் பிறந்த ஒரு வெற்றியும் உண்டு. 1993 அக்டோபர் 7 அன்று வந்த அத்தியாயம், 1991இல் வந்த ‘கேப் ஃபியர்’ படத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. ஜெயிலிலிருந்து வரும் பழிவாங்கி, தியேட்டரில் சுருட்டுப் புகைத்துப் பெரிதாகச் சிரிப்பது, காருக்கு அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு பயணம் செய்வது எல்லாம் வரும். படத்தில் பயங்கரமாக இருந்த கார் காட்சி, இங்கே கள்ளிச் செடிகளின் மேலே கார் ஏறிப் போகும் கதையாகிவிடுகிறது. தியேட்டரில் ஹோமர் அதைவிடப் பெரிய சுருட்டோடு அதைவிடச் சத்தமாகச் சிரிக்கிறான். பழிவாங்கி சைட்ஷோ பாப் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து நடக்கும்போது, சருகு வாரும் பல்வாரி ஒன்றை மிதிக்கிறான். கம்பு எழுந்து முகத்தில் அடிக்கிறது. மறுபடி, மறுபடி, மொத்தம் ஒன்பது தடவை. அத்தியாயம் குறிப்பிட்ட நேரத்துக்குக் குறைவாக வந்ததால்தான் இப்படி நீட்டினார்கள். இரண்டாவது அடியில் சிரிப்பு, நாலாவதில் சலிப்பு, ஆறாவதில் ‘இன்னுமா’ என்று தோன்றி, ஒன்பதாவதில் முதல் அடியைவிடப் பெரிய சிரிப்பு. இதற்கு மூலப்படத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த அத்தியாயத்தில் அதிகம் பேர் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

இசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணைவிடக் காதுதான் முதலில் மூலத்தைக் கண்டுபிடிக்கிறது. ‘கேப் ஃபியர்’ 1962இல் முதலில் வந்தபோது பெர்னார்ட் ஹெர்மன் போட்ட இசையை 1991 படமும் எடுத்துக்கொண்டது. சிம்ப்சன்ஸிலும் அந்தக் கனத்த பித்தளை வாத்தியச் சத்தம் வரும்போதெல்லாம் சைட்ஷோ பாப் வந்துவிட்டான் என்று அர்த்தம். 1990இலிருந்து 2017 வரை அந்தத் தொடருக்கு இசையமைத்த ஆல்ஃப் கிளாஸன், வாராவாரம் 35 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை வைத்து வேலை செய்தார். மூலப் பாட்டின் வாத்தியம், வேகம், தாளக்கட்டு அதேபோல் இருக்கும், ஸ்வரங்கள் மட்டும் வேறு வழியில் போகும் வகைப் பகடியில் அவர் கை தேர்ந்தவர். கேட்டவுடன் அந்தப் பாட்டு மாதிரி இருக்கும், எழுதி வைத்துப் பார்த்தால் அது இல்லை.

இந்தக் கவனத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். மூலத்தை மாற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லும் பகடி, உரிமையாளரின் அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய ‘நியாயமான பயன்பாட்டுக்குள்’ வரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு ராப் பாட்டு வழக்கில் சொன்னது. ‘ஃபேமிலி கை’ பழைய டிஸ்னி பாட்டு ஒன்றின் உரிமையைக் கேட்டு, கிடைக்காமல், மெட்டைக் கொஞ்சம் மாற்றிப் பாடி வழக்கில் மாட்டியது, 2009இல் ஜெயித்தது. இந்தியாவில் நிலைமை வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விமர்சனம், திறனாய்வு என்ற சொற்கள் உண்டு, பகடி என்ற சொல் இல்லை. ஒரு நாடகத்துக்கு எழுதப்பட்ட எதிர்நாடகத்தை இந்தப் பிரிவின் கீழ் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் ஏற்றுக்கொண்டது. யூடியூபில் போடுகிற சின்ன வீடியோவுக்கு நடைமுறையில் வரும் தொல்லை பெரும்பாலும் வழக்கு இல்லை, ஒலிப்பதிவை அடையாளம் காணும் தானியங்கிச் சோதனை. மூலப் பாட்டின் பதிவையே பின்னணியில் ஓட்டினால் அது பிடித்துவிடும். நீங்களே வாசித்துப் பாடினால் ஆபத்து குறையும், முழுதாகப் போய்விடாது. மெட்டுக்கும் உரிமையாளர் உண்டு.

அடுத்தது மொழிமாற்றம். பகடி அதிகம் அடிபடும் இடம் இது. ஆங்கில நகைச்சுவையில் குத்தும் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் விழும். எழுத்துத் தமிழில் கடைசியில் வினைச்சொல் உட்கார்ந்துவிடும், குத்தும் சொல் நடுவில் புதைந்துவிடும். ‘அவன் ஓடையிலிருந்து மூன்று கண் மீனைப் பிடித்து வந்தான்’ என்று டப்பிங்கில் சொன்னால் சிரிப்பு ‘பிடித்து வந்தான்’ மேல் போய் மோதிச் செத்துவிடும். பேச்சுத் தமிழ் இந்தப் பூட்டைத் திறக்கிறது: ‘ஓடையாண்ட புட்சினு வந்தான்பா ஒண்ணு… மூணு கண்ணு.’ வினை முன்னால் வந்துவிட்டது, சொல் கடைசியில் நின்றுவிட்டது. வாய் அசைவோடு பொருத்தவும் இதுவே வசதி, ஏனென்றால் கடைசிச் சொல்லில்தான் கார்ட்டூன் முகம் பெரிதாகத் திறக்கும்.

இதைவிடக் கடினமானது சிலேடை. ‘கேப் ஃபியர்’ அத்தியாயத்தில் சைட்ஷோ பாபின் நெஞ்சில் ‘Die Bart, Die’ என்று பச்சை குத்தியிருக்கும். ஆங்கிலத்தில் படித்தால் ‘சாவு, பார்ட், சாவு’ என்று பையனை மிரட்டுவது. பரோல் குழு கேட்கும்போது, இது ஜெர்மன், அந்த ‘Die’யை ‘டீ’ என்று படிக்க வேண்டும், அது ஆங்கில ‘the’ மாதிரி வெறும் சுட்டுச்சொல் என்கிறான். ஜெர்மன் பேசுகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று குழுவும் நம்பிவிடுகிறது. இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அடிக்குறிப்பு தேவைப்படும். அடிக்குறிப்பு வந்த இடத்தில் சிரிப்பு போய்விடும். செய்ய வேண்டியது, அந்த வேலையைச் செய்யும் வேறொரு சொல்லைத் தமிழுக்குள்ளேயே தேடுவது. வேலை என்ன? எழுத்து ஒன்று, வாசிப்பு இரண்டு. ஒன்று மிரட்டல், இன்னொன்று அப்பாவித்தனம், கேட்பவர் இரண்டாவதை நம்ப வேண்டும். தமிழில் ‘சாவடி’ என்று எழுதிப் பாருங்கள். பேச்சில் ‘சாவ அடி’, கொலைமிரட்டல். எழுத்தில், வழிப்போக்கர் தங்கும் இடம். பரோல் குழுவிடம் அவன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘ஐயா, இது சுங்கச்சாவடி. தண்டையார்பேட்டையைத் தாண்டினதும் வருமே டோல்கேட், அது. நமக்கு அந்தப் பக்கம்தான் வீடு. சுங்கத்தை எழுத இடம் பத்தல.’ நெஞ்சில் இடம் பற்றாமல் பாதிச் சொல் மட்டும் பச்சை குத்திய காட்சியும் கூடவே கிடைக்கிறது. மூலத்தில் இருந்த ஜெர்மன் போய்விட்டது, அந்த நகைச்சுவையின் எலும்பு போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் காப்பாற்ற வேண்டியது அந்த எலும்பை.

தவறான பகடி எங்கே தொடங்குகிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். சிம்ப்சன்ஸில் கடை வைத்திருக்கும் இந்தியர் அப்பு 1990இலிருந்து வந்தார். குரல் ஹாங்க் அசாரியா. அந்தக் குரலுக்கு முன்மாதிரிகளில் ஒன்றாக அவர் சொன்னது இந்தியர் அல்லாத ஒரு நடிகரை. 1968இல் வந்த ‘தி பார்ட்டி’ படத்தில் முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசி இந்தியராக நடித்த பீட்டர் செல்லர்ஸை. நகலுக்கு நகல். அந்த உச்சரிப்பு, அமெரிக்காவில் வளர்ந்த இந்தியக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்குள் போய் அவர்களைக் கூப்பிடும் பெயராக மாறியது. 2017இல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. 2020இல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டதாக அறிவித்தார். பர்ன்ஸின் மேடையில் கிண்டலுக்கு ஆளானது அதிகாரம். அப்புவில் ஆளானது வாய் பேசும் விதம்.

வடசென்னைக்கு இந்தக் காயம் பழக்கமானது. தமிழ் சினிமாவின் ‘இன்னா நைனா’ ரவுடி, பலமுறை, வியாசர்பாடியில் யாரையும் கேட்டு எழுதப்பட்டவன் அல்ல. முந்தைய படத்து ரவுடியைப் பார்த்து எழுதப்பட்டவன். லுங்கி மடிப்பு, கழுத்துக் கர்ச்சீப், ‘கீது’, ‘போவசொல’ எல்லாம் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். பகடி செய்ய வேண்டியது அந்தப் படங்களையே. அதே லுங்கி மடிப்பை, அதே ஸ்லோ மோஷனை, அதே பின்னணி இசையை வைத்துக்கொண்டு, அந்த ஆள் போவது கொலைக்கு இல்லை, எம்.சி. ரோட்டில் பெண்ணுக்குப் பாவாடைத் துணி எடுக்க என்று காட்டினால் சட்டகம் சிரிப்புக்கு ஆளாகும், ஆள் ஆகமாட்டான்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவருக்குக் கணக்கு இதோ. முப்பது வினாடி எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 24 ஃப்ரேம் கணக்கில் 720 ஃப்ரேம், இரண்டுக்கு ஒரு படம் என்றால் 360 படம். ஒரு ஆள் தினமும் 20 படம் வரைந்தால் 18 நாள். மூலக் காட்சியைக் குறைந்தது பத்து தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஷாட் மாறும் நேரத்தை வினாடியோடு எழுதுங்கள். முப்பது வினாடிக்கு எட்டிலிருந்து பத்து ஷாட் வரும். கேமரா உயரத்தையும் நகரும் திசையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தொடாதீர்கள். பொருளை மட்டும் மாற்றுங்கள். பாறைக்குப் பதில், ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உருண்டு வரும் நீல நிறத் தண்ணீர் டிரம். சிலைக்குப் பதில் ஆயாவின் சுருக்குப் பை. வரைவதற்கு முன்பே குரலைப் பதிந்துவிடுங்கள். வரைந்த வாய்க்குக் குரலைப் பொருத்துவது எப்போதும் நொண்டும்.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். அடையாளம் காட்டும் ஷாட்டைச் சட்டென்று வெட்டிவிடுவார்கள். பார்ப்பவர் மூலத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள குறைந்தது ஒன்றரை வினாடி, அதாவது 36 ஃப்ரேம் வேண்டும். பொருளும் திசையும் இசையும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவார்கள், கொக்கி கழன்றுவிடும். மூன்றாவது, இன்றைக்கு எல்லாரும் மொபைலை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். அகலத் திரைக்காக அமைத்த காட்சியை அதில் போட்டால் இரண்டு ஓரமும் போய்விடும். அதனால்தான் மாடிப்படிக் காட்சி நல்ல தேர்வு. மேலிருந்து கீழே உருளும் டிரம் நிமிர்ந்த சட்டத்தில் முழுசாகத் தெரியும்.

அனிமேட்டிக் முடிந்ததும் அதை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒருவர் மூலப்படம் பார்த்தவர், இன்னொருவர் பார்க்காதவர். சிரித்த இடத்தையெல்லாம் வினாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். பார்க்காதவர் ஒரு இடத்தில்கூடச் சிரிக்காவிட்டால், வரைவதை நிறுத்திவிட்டு ஸ்டோரிபோர்டுக்குத் திரும்புங்கள். டிரம் யாருடையது, அதில் தண்ணீர் இருந்ததா, அது எத்தனை நாளைக்கான தண்ணீர், கீழே வரிசையில் நிற்பவர் யார் என்பதையெல்லாம் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம்.